அவர் வந்து சொல்லட்டும் என்றீர்கள்

அக்கா,

நேற்று காலையில் ஒரு வேலையாகக் காஞ்சிபுரம் பேருந்து நிலையம் பக்கம் போயிருந்தேன். எதிர்ச் சாரியில் இருக்கும் தேநீர்க் கடையில் ஒரு பெண் பால் சேர்க்காத தேநீர் கேட்டு வாங்கினாள். சர்க்கரையைத் தனியாக உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு மிடறு தேநீர், ஒரு நக்கு சர்க்கரை என்று குடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அதிசயமாகப் பார்த்தார். எனக்கு அப்படியே கால் நின்றுவிட்டது. அவள் எந்தக் கரையிலிருந்து வந்தவள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போய்ப் பேசலாமா என்று நினைத்தேன். பேசினால் எந்த அகதி முகாம் என்றுதான் முதலில் கேட்பேன்; காவல் துறை ஆளோ என்று அவள் பயந்துபோவாள். பேசாமல் நின்று, அவள் குடித்து முடித்துக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போகும்வரை பார்த்தேன். நான் பிடிக்க வேண்டிய ஸ்ரீபெரும்புதூர் பேருந்து என் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது.

நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுதி எந்தப் பெட்டியில் போடுவது? ஆனால் நேற்று அந்தப் பெண்ணைப் பார்த்ததும், மாலையில் வேறொன்றும் நடந்ததும், இரண்டும் சேர்ந்து என்னை உட்கார வைத்துவிட்டன.

உங்களை முதலில் பார்த்தபோது எனக்கு வேலை கிடைத்த புதிது. அறுவடைக்கும் நாற்று நடவுக்கும் போன என் அம்மா என்னைச் சமூகப்பணி படிக்க வைத்துவிட்டு, வேலை எங்கே வேலை எங்கே என்று வருடக்கணக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைத்தது இந்த ஆய்வு வேலை. அதன் பெயரைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும். புலம்பெயர்ந்த பெண்கள், அகதிப் பெண்கள், அவர்கள் உடல்நலம், அதில் ஆண் பெண் வேறுபாடு, எல்லாவற்றையும் பல துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பது. சென்னையிலிருந்து ஒரு மகப்பேறு டாக்டரம்மா, ஒரு சமூகவியல் பேராசிரியர், இருவருக்கும் கீழே கேள்வி கேட்கிற ஆளாக நான். டாக்டரம்மாவுக்கு உடம்பு, பேராசிரியருக்குச் சமூகம், எனக்கு வெயில் என்று பங்கு பிரித்துக்கொண்டோம்.

உங்கள் முகாம் ஊருக்கு வெளியே, பழைய நெல் கிடங்கு ஒன்றில் இருந்தது. ஒரே கூரையின் கீழே சேலையாலும் சாக்காலும் தடுத்த அறைகள். ஒரு குடும்பம் தும்மினால் நாலு குடும்பத்துக்குக் கேட்கும். நான் என் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு உங்கள் தடுப்புக்குள் வந்தேன். நீங்கள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"ஓய்வு எடுக்க எங்கையாவது இடம் இருந்தாச் சொல்லு தங்கச்சி. போய் எடுத்துக்கொண்டு வாறன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் உங்கள் தங்கச்சி, உங்கள் மகளுக்குச் சித்தி. ஆய்வாளர் இப்படியெல்லாம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பேராசிரியர் பிறகு நயமாகச் சொன்னார். அவர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

உங்கள் கணவரைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் குரலை மாற்றாமல் சொன்னீர்கள். வவுனியாப் பக்கத்திலிருந்து மூவரும் படகில் வந்தீர்கள். வயதான தாயாரை அங்கே விட்டு வந்தது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று படகேறிப் போனார். அவ்வளவுதான். கடிதம் இல்லை, ஆள் இல்லை, சேதி இல்லை. நான் உங்களைச் சந்தித்தபோது மகள் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாகத்தான் இருந்தீர்கள். முகாமில் யாரும் உங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அங்கே இப்படி இன்னும் சிலர் இருந்தார்கள். விதவை என்றும் சொல்ல முடியாது, கணவரோடு இருப்பவர் என்றும் சொல்ல முடியாது. எங்கள் கேள்வித்தாளில் உங்களுக்கு இடமே இல்லை. 'மற்றவை' என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அதில் உங்களைப் போட்டோம்.

பகலில் நீங்கள் ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குத் தார் சுற்றப் போவீர்கள். தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றித் தரும் வேலை. அந்த வீட்டம்மா தெலுங்கு பேசுகிறவர். உங்கள் தமிழும் அவருக்குப் புரியாது, எங்கள் தமிழும் அரைகுறைதான். ஆனாலும் இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பீர்கள். என்னத்தைத்தான் பேசுவீர்கள் என்று கேட்டால், மருமகளைப் பற்றி என்பீர்கள். அந்த வீட்டம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். நீங்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் கறை. மாத விலக்கு தொடங்கிப் பத்து நாளாகியும் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை மாதமாக என்று நான் கேட்டதற்கு நீங்கள் வேறு பக்கம் பார்த்தீர்கள். முகாமில் துணி அலசவும் காயப்போடவும் மறைவான இடம் கிடையாது. ஈரத் துணியை மற்றத் துணிக்கு அடியில் போட்டுக் காய வைத்து, முழுதாகக் காயாததையே எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை நாள் மறைத்திருந்தீர்கள்.

டாக்டரம்மா உங்களைப் பரிசோதித்தார். ஒரு துளி சதை எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும், மூடி மறைக்காமல் உங்களிடமே சொன்னார். கர்ப்பப்பை வாயில் புற்று. ஆனால் இப்போதுதான் தொடக்கம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் முடியாது. நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். மகள் தனியாகிவிடுவாளே என்பதுதான் உங்கள் முதல் பேச்சு. சரி, எடுத்துப்போடுங்கோ என்று சொன்னீர்கள். அன்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? போராட வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டு வந்திருந்தேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. நானும் உங்களோடு வந்தேன். அங்கே இருந்த நர்சம்மா காகிதத்தை நீட்டி, வீட்டுக்காரர் எங்கே, கையெழுத்துப் போடணும் என்றார். இலங்கையில் என்றீர்கள். எப்போ வருவார் என்றார். தெரியாது என்றீர்கள். அந்த அம்மாவும் கெட்டவரில்லை. வரிசையில் நிற்கிறவர்களை எப்படியாவது உள்ளே தள்ள வேண்டும் என்று பார்க்கிறவர். குரலைத் தாழ்த்தி வழி சொன்னார்.

"உசுரோட இல்லன்னா இல்லன்னு சொல்லிடும்மா. கூடப்பொறந்தவங்க போட்டாலே போதும். இவங்க போடட்டும்."

என்னைத்தான் காட்டினார். நான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டீர்கள். நான் நர்சம்மாவிடம் கத்தினேன், பிறகு உங்கள் பின்னால் ஓடி வந்து உங்களிடம் கத்தினேன். ஒரு சொல்தானே அக்கா, ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உயிர் பிழைத்தால் என்ன, மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பேருந்து பூந்தமல்லியைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"ஊர் சொல்லட்டும். கடல் சொல்லட்டும். என்ர வாயால அவரைச் சாகக் குடுக்க மாட்டன்."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. உங்கள் மேல் கோபமா, அந்த ஆள் மேல் கோபமா, யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. செத்தவர் மேல் கோபப்படலாமா என்று தோன்றியதும், நானும் அவரைச் சாகடித்துவிட்டேனே என்று சங்கடமாகிவிட்டது.

அடுத்த வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு ஓட்டல் மாடியில் எங்கள் குழு கூடியது. டாக்டரம்மா கொதித்துப்போயிருந்தார். ஒரு பெண்ணின் உடம்பை அறுக்க அவள் சம்மதம் போதாதா, இல்லாத ஆளின் சம்மதம் எதற்கு என்று மேசையைத் தட்டினார். பேராசிரியர் காப்பியை ஆற்றிக்கொண்டே, நம் ஆய்வின் மையக் கேள்வியே இதுதான், இதை நாம் கவனமாகப் பதிவு செய்ய வேண்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவு செய்துகொண்டே இருங்க சார், அவங்க போய்ச் சேரட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் பொறுத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது என்பது பிறகு டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மேலே, அதற்கும் மேலே என்று போய்ப் பேசி, உங்கள் கையெழுத்து ஒன்றே போதும், கணவரைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று வாக்கு வாங்கிக்கொண்டு வந்தார். இதைச் சொல்ல முகாமுக்கு நான் ஓடி வந்தேன் பாருங்கள், என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எங்கேயும் போனதில்லை.

முகாமில் அன்று திருவிழா மாதிரி இருந்தது. எல்லோரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சண்டையை நிறுத்திவிட்டார்களாம், பேச்சுவார்த்தையாம், பாதை திறக்கப்போகிறார்களாம். சர்க்கரையும் அவலும் கலந்து கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். அப்போது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் தடுப்புக்குள் வந்து, எல்லாம் சரியாகிவிட்டது அக்கா, நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். முகம் முழுக்க வெளிச்சம்.

"பாதை திறந்திட்டுது தங்கச்சி. இனி அவர் வந்திடுவார். அவர் வந்து சொல்லட்டும்."

முன்பு வழி அடைபட்டிருந்தபோது காத்திருப்பதற்குக் கெடு கிடையாது. வழி திறந்ததும் இன்றோ நாளையோ என்று ஆகிவிட்டது. இந்த நேரத்தில் அவரைக் கேட்காமல் எப்படி எடுக்கிறது என்றீர்கள். அவருக்கு ஆண் பிள்ளை வேண்டும் என்று ஆசை. மகள் பிறந்தபோதே, அடுத்தது பெடியன் என்று சொல்லிச் சிரித்தாராம். வருடக்கணக்கில் கஷ்டப்பட்டு வருகிற மனுசன் அதைக் கேட்டால், நான் எடுத்துப்போட்டுட்டன் எண்டு எந்த முகத்தோட சொல்லுறது என்று என்னைக் கேட்டீர்கள். இந்த உலகத்தில் சமாதானம் வந்ததற்காக வயிறெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குக் கர்ப்பப்பை கிடையாது. வெள்ளைப்படுதல் என்று போனால் எடுத்து அனுப்பிவிடுவார்கள், பல்லைப் பிடுங்குவதைப் போல. அம்மாவும் அதில் ஒருத்தி. அவள் உங்கள் முன்னால் நின்று, எனக்கு எடுத்து எத்தினி வருசம் ஆச்சு, கல்லு மாதிரி இருக்குறேன் பாருமா என்று இடுப்பில் தட்டிக் காட்டினாள். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு இருவரும் வெகுநேரம் பேசினீர்கள். அம்மா வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. சம்மதித்தார்களா என்று கேட்டேன்.

"நா இன்னான்னு சொல்றது? அவ, புருசன் வருவான்னு சொல்லிக்கினு இருக்குறா. வரமாட்டான்னு எந்த வாயால சொல்றது நானு?"

டாக்டரம்மா இரண்டு முறை நேரில் வந்தார். கெஞ்சினார், திட்டினார், மகளைக் காட்டிக் கேட்டார். நீங்கள் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தீர்கள். அடுத்த மாசம் பாப்பம் டொக்டர் என்றீர்கள். அந்த அடுத்த மாதம் வந்தபோது அதற்கு அடுத்த மாதம் என்றீர்கள். பேராசிரியர்கூடத் தன் கொள்கையை எல்லாம் மறந்து உங்கள் முன்னால் கைகூப்பினார். ஆளுக்கு ஒரு படிப்பு படித்திருந்தோம். ஒருவர் படிப்பாவது உங்களிடம் செல்லுபடியாக வேண்டுமே. ஆகவில்லை.

பிறகு உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தார். முகாமில் நேராக உங்களிடம்தான் வந்தார். நானும் இருந்தேன். அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். உங்கள் மாமியார் காலமாகி நாளாகிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் அங்கே வந்து சேரவே இல்லை. அந்த நாட்களில் புறப்பட்ட படகு ஒன்று நடுக்கடலில் மூழ்கிப்போய்விட்டது, அதில் அவரும் இருந்தார் என்றுதான் அங்கே எல்லோரும் பேசுகிறார்கள். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, அதை இப்போது சொல்லத்தான் வேண்டும்: முடிந்தது, இனி நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவீர்கள் என்றுதான் என் மனசு கணக்குப் போட்டது. நீங்கள் மாமியாருக்காக அழுதீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் நிதானமாகக் கேட்டீர்கள்.

"அவர் அந்தப் படகில ஏறினதை நீங்கள் கண்ணால பாத்தனீங்களோ?"

அவர் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. அப்ப சரி என்று எழுந்து, அவருக்குச் சாப்பாடு போட்டீர்கள்.

நீங்களாக என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில். நடக்க முடியாமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். வலி தாங்கேலாது தங்கச்சி என்றீர்கள். அவ்வளவு காலத்தில் உங்கள் வாயிலிருந்து வலி என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சை வைத்துப் பார்த்தார்கள். ஒரு பயனும் இல்லை. கடைசி வாரங்கள் இங்கே காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில்தான். ஐயம்பேட்டை வீட்டம்மா தினம் வந்து உங்கள் காலைப் பிடித்துவிட்டுத் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் கண்ணை மூடியபடி தலையாட்டுவீர்கள். மகளைப் பற்றி நிறையப் பேசினீர்கள். அவரைப் பற்றி ஒரே ஒரு முறைதான். வந்தால் கோவிப்பார், நீதான் எடுத்துச் சொல்ல வேணும் என்றீர்கள். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முகாம் பெண்கள் உங்களைக் குளிப்பாட்டிப் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, பூ வைத்து, தாலியோடு அனுப்பினார்கள். யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. எல்லோருக்கும் அதில் ஒரே எண்ணம்தான்.

ஆய்வு அறிக்கை ஆங்கிலத்தில் அழகாக வந்தது. நீங்கள் அதில் ஒரு பத்தி. உங்கள் பேரும் ஊரும் இல்லாமல், சம்மதம், குடும்பம், சட்டம், நோய் என்று ஒவ்வொரு துறையும் உங்களிடமிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டிருந்தது. பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்றும் நான் இதே வேலையில்தான் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள், பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லாததால்தான் இப்படி என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அவர்கள் மேல் எரிந்து விழுகிறேன். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் போனீர்கள். இதை எந்தத் துறையில் போய் எழுதுவது?

உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். எங்களோடுதான் வளர்ந்தாள். என் அம்மாவைப் போலவே 'இருக்குது, வந்துக்கினு' என்று பேசிப் பழகிவிட்டாள், கோபம் வந்தால் மட்டும் உங்கள் தமிழ். நர்சுக்குப் படித்து வேலை பார்க்கிறாள். அவளுக்குக் கல்யாணம், அக்கா. பையன் வேறொரு முகாமில் வளர்ந்தவன், பெயின்ட் வேலை, சாது. அங்கே சண்டை ஒரேயடியாக முடிந்து, காணாமல் போனவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு பெண்கள் தெருவில் நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அவள் அதைப் பார்ப்பதில்லை. எழுந்து போய்விடுவாள்.

நேற்று மாலை கல்யாணப் பத்திரிகை எழுத உட்கார்ந்தோம். பெற்றோர் பேர் போடுகிற இடம் வந்ததும் அவள் பேனாவை என்னிடம் தள்ளிவிட்டாள். நீங்களே எழுதுங்கோ சித்தி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உங்கள் பேரை எழுதினேன். முன்னால் 'அமரர்' என்று போட்டேன். உங்களை நான் பார்த்தேன், தொட்டேன், அனுப்பி வைத்தேன். அதற்கு மேலே அவர் பேரை எழுதினேன். முன்னால் அதே ஒரு சொல் போட வேண்டும். நாலே எழுத்து, அதில் ஒரு புள்ளி. ஒரு சொல்தானே என்று சென்னைத் தெருவில் உங்களைப் பார்த்துக் கத்தினவள் நான். அவரை நான் கண்டதுகூடக் கிடையாது. அவர் குரல் தெரியாது, முகம் தெரியாது. எனக்கென்ன வந்தது, எழுத வேண்டியதுதானே? அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது.

எனக்கு எழுத வரவில்லை, அக்கா. அவர் பேரை அப்படியே விட்டுவிட்டேன்.